30 கிலோ தராசுக்கு மாதிரி ஒப்புதல் எண் இருந்தால் முத்திரை வேண்டாமா?

நீலகிரி_மளிகை கேட்டது:

உதகையில் மளிகைக் கடை. மேசைத் தராசு ஒன்று புதிதாக வாங்க வேண்டும். ஆன்லைனில் ஒன்று மலிவாக இருக்கிறது. 30 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியம், வகுப்பு 3, "அரசு ஒப்புதல் பெற்றது" என்று விளம்பரத்தில் இருக்கிறது. ஐஎன்டி என்று தொடங்கும் எண் ஒன்றும் தகட்டுப் படத்தில் தெரிகிறது. இந்த எண் இருந்தால் தனியாக முத்திரை போட வேண்டியதில்லை என்கிறார் விற்பவர். பக்கத்துக் கடைக்காரர் அதெல்லாம் செல்லாது, தொழிலாளர் துறையில் காட்டி முத்திரை வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். இரண்டில் எது சரி? முத்திரைக்குக் கொண்டுபோனால் என்னென்ன சோதிப்பார்கள்? எதனால் திருப்பி அனுப்புவார்கள்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஈயமுத்திரை:

பக்கத்துக் கடைக்காரர் சொல்வதுதான் சரி. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது.

மாதிரி ஒப்புதல் என்பது தயாரிப்பாளருக்கு உரியது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், பிரிவு 22. ஒரு வகைத் தராசைத் தயாரித்து விற்க நினைப்பவர் அதன் மாதிரியை மத்திய அரசின் ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். தென்னிந்தியாவில் அது பெங்களூரில் உள்ள மண்டல ஆய்வகம். சோதனையில் தேறினால் தில்லியில் உள்ள சட்டமுறை எடையளவு இயக்குநர் சான்று தருவார். ஐஎன்டி/09 என்று தொடங்கி ஆண்டும் வரிசை எண்ணும் வருவது அந்தச் சான்றின் எண். இந்த வடிவமைப்பு தாங்கும் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உங்கள் கடைக்கு வந்து சேரும் அந்த ஒரு தராசை ஒப்புதல் கொடுத்தவர் பார்த்ததே இல்லை.

முத்திரை என்பது பிரிவு 24. அந்த ஒற்றைத் தராசை, அதன் வரிசை எண்ணோடு, நிர்ணயிக்கப்பட்ட எடைக்கற்களை வைத்துச் சோதித்து ஈய முத்திரை இடுவது. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை. பழைய ஆட்கள் இன்னும் முத்திரை ஆய்வாளர் என்பார்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதம் செல்லும். எடைக்கல், கைத்தராசு, மீட்டர் கோல், லிட்டர் அளவை இவற்றுக்கு 24 மாதம். முத்திரையில் ஆண்டோடு காலாண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும்: ஜனவரி முதல் மார்ச் வரை ஏ, பிறகு பி, சி, டி. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். அலமாரிக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னால் அதுவும் குற்றக் கணக்கில்தான் சேரும்.

முத்திரை இல்லாத தராசில் வியாபாரம் செய்தால் பிரிவு 33 உங்கள் மேல் பாயும், முத்திரை இல்லாமல் விற்றவர் மேலும் பாயும். விற்றவர் உரிமம் இல்லாமல் விற்றிருந்தால் அவருக்குத் தனியாக வேறு பிரிவு உண்டு. ஆனால் அது உங்களுக்கு ஆறுதலாகாது.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மாதிரி ஒப்புதல் கேட்க மாட்டார்கள். வார்ப்பிரும்பு, பித்தளை எடைக்கற்கள், கைத்தராசு, துணிக்கடை மீட்டர் கோல், 20 லிட்டருக்கு மேற்படாத பால், மண்ணெண்ணெய் அளவைகள் இவற்றுக்கு விலக்கு உண்டு. அவற்றுக்கும் முத்திரை மட்டும் கட்டாயம். ஒப்புதல் வேண்டாதது, முத்திரை வேண்டுவது என்று ஒரு வகை இருப்பதிலிருந்தே இரண்டும் தனித்தனி என்று தெரியும்.

---

லோடுசெல்:

மேலே சொன்னது சரி. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட தராசை வாங்கவே வேண்டாம். விளம்பரத்திலேயே வில்லங்கம் இருக்கிறது.

வகுப்பு 3 (கடைத் தராசுகளுக்கான துல்லியத் தரம்) தராசில் அதிகபட்சம் 10,000 பிரிவுகள்தான் இருக்கலாம். பிரிவு என்றால் இங்கே சட்டப் பிரிவு அல்ல, தராசு காட்டும் மிகச் சிறிய எடைப் படி. 30 கிலோவை 1 கிராமால் வகுத்தால் 30,000. வகுப்பு 3இல் 30 கிலோவுக்கு ஒரே பிரிவு என்றால் 5 கிராமுக்குக் கீழே இறங்க முடியாது. தவிர, வகுப்பு 3இல் திரையில் தெரியும் கடைசி இலக்கமும் சரிபார்ப்புப் பிரிவும் (முத்திரைச் சோதனையில் பிழையைக் கணக்கிட எடுக்கும் பிரிவு) ஒன்றாகவே இருக்க வேண்டும். "1 கிராம் காட்டும், ஆனால் 5 கிராமுக்குத்தான் முத்திரை" என்று இழுப்பதற்கும் இடமில்லை. ஒன்று தகடு பொய், இல்லையென்றால் தகடு வேறு தராசுடையது.

வாங்கும்போது தகட்டில் பார்க்க வேண்டியவை: தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், முட்டை வடிவத்துக்குள் ரோமன் மூன்று, மேக்ஸ் (அதிகபட்ச எடை), மின் (நிறுக்கக்கூடிய குறைந்தபட்ச எடை), இ (சரிபார்ப்புப் பிரிவு), மாதிரி ஒப்புதல் எண். 30 கிலோ தராசு என்றால் மேக்ஸ் 30 கிலோ, மின் 100 கிராம், இ = 5 கிராம் என்று இருக்க வேண்டும். மின் என்பது இ-யைப் போல் 20 மடங்கு. தகடு ஸ்டிக்கராக இருந்து நகத்தால் கீறினால் முழுசாக உரிந்து வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எடை காட்டும் திரை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கம் திரை இல்லாத தராசு கடை வியாபாரத்துக்கு ஆகாது.

இனி சோதனை. 30 கிலோ / 5 கிராம் தராசையே எடுத்துக்கொள்கிறேன். அனுமதிக்கப்பட்ட பிழை இ-யின் கணக்கில் வரும்:

2.5 கிலோ வரை (500 இ) – கூடக் குறைய 2.5 கிராம்
2.5க்கு மேல் 10 கிலோ வரை (2000 இ) – 5 கிராம்
10க்கு மேல் 30 கிலோ வரை – 7.5 கிராம்

இது முத்திரை இடும்போது. கடையில் பயன்பாட்டில் இருக்கும்போது திடீர் ஆய்வு வந்தால் இதைப் போல் இரண்டு மடங்கு வரை விடுவார்கள். எடைக்கற்களை 100 கிராம், 2.5 கிலோ, 10 கிலோ, 30 கிலோ என்று பிழை வரம்பு மாறும் இடங்களில் ஏற்றிப் பார்ப்பார்கள், பிறகு தலைகீழ் வரிசையில் இறக்கிப் பார்ப்பார்கள். ஏறும்போது சரியாகவும் இறங்கும்போது கூடுதலாகவும் காட்டினால் தட்டு எங்கோ உரசுகிறது, அல்லது லோடு செல்லின் (தட்டுக்கு அடியில் எடையை உணரும் உலோகப் பாகம்) ஆயுள் முடிந்தது.

திரையில் 10.000 என்று தெரிவதால் பிழை பூஜ்யம் என்று நினைக்க வேண்டாம். 9.9975 முதல் 10.0025 வரை எதுவானாலும் அப்படித்தான் காட்டும். உண்மைப் பிழையைக் கண்டுபிடிக்க, 10 கிலோ கல்லோடு அரை கிராம் (இ-யில் பத்தில் ஒன்று) கற்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எப்போது 10.005 என்று தாவுகிறதோ அதுவரை சேர்த்ததைக் கணக்கிட்டு, 2.5 கிராமிலிருந்து கழிக்க வேண்டும். 1.5 கிராம் சேர்த்ததும் தாவினால் பிழை +1 கிராம். பூஜ்யத்தில் இருக்கும் பிழையையும் இதே வழியில் எடுத்துக் கழிக்க வேண்டும். ஆனால் வெறும் தட்டில் அதைச் செய்ய முடியாது. சிறிய எடையைத் தராசே பூஜ்யமாக விழுங்கிவிடும். 50 கிராம் வைத்துவிட்டு அதன் மேல் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூலைச் சோதனையில்தான் நிறையத் தராசுகள் விழுகின்றன. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோவைத் தட்டின் நான்கு கால்பகுதிகளிலும் மாற்றி மாற்றி வைப்பார்கள். எங்கே வைத்தாலும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். மேசைத் தராசில் ஒரே லோடு செல் நடுவில் இருப்பதால், மூட்டையைத் தொப்பென்று போட்டு அது லேசாக வளைந்திருந்தாலும் இதில் காட்டிக்கொடுத்துவிடும். நடுவில் வைத்தால் கச்சிதம், வலது ஓரத்தில் வைத்தால் 20 கிராம் குறைவு. தட்டைப் பெரிதாக மாற்றி மாட்டியிருந்தாலும் இதே கதி.

பிறகு ஒரே எடையை மூன்று முறை எடுத்து எடுத்து வைப்பார்கள். வரும் எண்களுக்குள் உள்ள வித்தியாசம் அந்த எடைக்கான பிழை வரம்பைத் தாண்டக்கூடாது. கடைசியாக ஏதாவது எடை இருக்கும்போது 7 கிராமை (பிரிவைப் போல் 1.4 மடங்கு) மெல்ல வைத்தால் திரை மாறியே ஆக வேண்டும்.

திருப்பி அனுப்பக் காரணம் என்று பார்த்தால் மின்சுற்று பழுதானது குறைவு. தட்டுக்கு அடியில் மாவும் சர்க்கரையும் சேர்ந்து பாறையாகி லோடு செல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். எறும்பு சர்க்யூட் பலகையில் குடியேறியிருக்கும். எலி ஒயரைக் கடித்து, யாரோ டேப் சுற்றியிருப்பார்கள். அதிக எடையைத் தடுக்க அடியில் வைத்த திருகு மேலேறி, 25 கிலோவுக்கு மேல் தராசு நகராது. மட்டம் பார்க்கும் குமிழ் உடைந்திருக்கும், அல்லது நான்கு கால்களில் ஒன்று தொங்கும். பேட்டரி இறங்கினால் தராசு எடையே காட்டக் கூடாது. தப்பான எடை காட்டிக்கொண்டு ஓடினால் தேறாது. முத்திரைக்குக் கொண்டுபோகும் முன் தட்டைக் கழற்றித் தூரிகையால் துடைத்தாலே பாதித் தலைவலி தீரும்.

---

நீலகிரி_மளிகை:

மிக்க நன்றி சார். அந்தத் தராசு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு கேள்வி. ஏலக்காய், மிளகு எல்லாம் 50 கிராம், 25 கிராம் என்று கேட்பார்கள். 5 கிராம் பிரிவுள்ள தராசில் நிறுத்தால் சரிவருமா? இன்னொன்று, கோவையில் உரிமம் உள்ள கடையிலேயே முத்திரையோடு கிடைக்கும் என்கிறார்கள். அங்கே வாங்கி இங்கே கொண்டுவரலாமா?

---

லோடுசெல்:

முதல் கேள்விக்கு: சரிவராது. தகட்டில் மின் 100 கிராம் என்றால் அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்கவே கூடாது. 50 கிராம் ஏலக்காய்க்கு 2.5 கிராம் பிழை என்றால் நூற்றுக்கு ஐந்து போயிற்று. ஏலக்காய் விலைக்கு யோசித்துப் பாருங்கள். இரண்டு வழி இருக்கிறது. 5 கிலோ / 1 கிராம் தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அதன் மின் 20 கிராம், 50 கிராமில் பிழை அரை கிராமுக்குள். இல்லையென்றால் இரட்டைப் பிரிவுத் தராசு: 15 கிலோ வரை 2 கிராம், அதற்கு மேல் 30 கிலோ வரை 5 கிராம் என்று தானே மாறிக்கொள்ளும். அதன் மின் 40 கிராம். 25 கிராம் பொட்டலத்துக்கு அதுவும் போதாது. உங்கள் வியாபாரத்துக்கு முதல் வழிதான் ஏற்றது. இரண்டு தராசுக்கும் தனித்தனி முத்திரை, தனித்தனிச் சான்று.

---

படிக்கல்:

கோவையில் வாங்குவது பற்றி. வாங்கலாம், ஆனால் உதகைக்கு வந்தபின் அங்கேயே சரிபார்த்து முத்திரை வாங்குங்கள். காரணம் காகிதம் அல்ல, மலை.

எலக்ட்ரானிக் தராசு பொருளின் நிறையை நேரடியாக அளப்பதில்லை. பூமி இழுக்கும் விசையால் லோடு செல் எவ்வளவு வளைகிறது என்று பார்த்துக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. உயரம் கூடினால் இழுவை குறையும். நிலநடுக்கோட்டை நெருங்கினாலும் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், உதகை சுமார் 2240 மீட்டர். கோவையில் கச்சிதமாக வைத்த தராசு உதகையில் 10 கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிராம், 30 கிலோவுக்கு 12 கிராம் அளவில் குறைத்துக் காட்டும். 30 கிலோவில் அனுமதி 7.5 கிராம்தானே. அகமதாபாத் பக்கத்துத் தொழிற்சாலையில் சரிசெய்து நேராக வந்த தராசு என்றால், அட்சரேகை வித்தியாசமும் சேர்ந்து, 10 கிலோவுக்கே 10 கிராம் போலக் குறையும்.

குறைத்துக் காட்டினால் நஷ்டம் யாருக்கு? உங்களுக்கு. திரையில் 10.000 வரவைக்க நீங்கள் கூடுதலாக அள்ளிப் போட வேண்டும். வருஷம் முழுக்க அரிசியும் சர்க்கரையும் இப்படிப் போனால் தராசின் விலையே வந்துவிடும். தலைகீழாக, உதகையில் சரிசெய்த தராசைச் சமவெளிக்குக் கொண்டுபோய் வைத்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு, வழக்கு கடைக்காரருக்கு.

கைத்தராசுக்கும் எடைக்கல்லுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு தட்டையும் ஒரே பூமிதான் இழுக்கிறது. அந்த விஷயத்தில் பழைய ஆளே கெட்டிக்காரன்.

அதனால் வாங்கும்போதே "உதகையில் வைத்து அட்ஜஸ்ட் செய்து, முத்திரைக்குக் காட்டித் தர வேண்டும்" என்று விலை பேசுங்கள். கட்டணம் கட்டி விண்ணப்பித்துவிட்டால் முத்திரை முகாமுக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுபோகலாம். உங்கள் கடைக்கே வரச் சொன்னால் கூடுதல் கட்டணம் உண்டு. கெடு தாண்டிப் போனால் கடந்த ஒவ்வொரு காலாண்டுக்கும் தாமதக் கட்டணம் ஏறும், ஆகவே தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

---

வேகன்_ரவுண்டு:

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. முத்திரை ஒரு சம்பிரதாயம். நடுவில் எடை தப்பினால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு 2 கிலோ கல் வைத்து அட்ஜஸ்ட் செய்தால் பத்து நிமிஷ வேலை. ஒயரை வெட்டாமலே மூடியை நெம்பத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

---

ஈயமுத்திரை:

இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். இதில் இரண்டு தப்பு இருக்கிறது, ஒன்று சட்டத் தப்பு, ஒன்று கணக்குத் தப்பு.

ஈய முத்திரை கம்பி போகும் இடம் சும்மா அழகுக்கு இல்லை. எடையைச் சரிசெய்யும் பொத்தான் அந்த மூடிக்குள் இருக்கிறது. முத்திரை இருக்கும்போது அந்தப் பொத்தானைத் தொட்டாலே தராசு முத்திரை இல்லாத தராசாகிவிடும், 12 மாதத்தில் இரண்டு மாதம்தான் ஓடியிருந்தாலும் சரி. பழுது பார்ப்பவருக்குத் துறையின் உரிமம் இருக்க வேண்டும். அவர் சரிசெய்த பிறகு மறுபடி முத்திரை வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். நெம்பித் திறந்தது தெரிந்தால் முத்திரை இல்லாத வழக்கு மட்டுமல்ல, தராசை மாற்றியமைத்ததற்கான பிரிவு 26ம் சேரும்.

கணக்குத் தப்பு: 30 கிலோ தராசை 2 கிலோ கல்லால் சரிசெய்தால், 2 கிலோவில் கண்ணுக்குத் தெரியாத 1 கிராம் பிழை 30 கிலோவில் 15 கிராமாகப் பெருகும். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்காவது, அதாவது 20 கிலோவாவது முத்திரையிட்ட கல் வைத்துச் செய்ய வேண்டும். அதற்கு முன் பத்து, பதினைந்து நிமிஷம் தராசை ஓடவிட்டு, மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

---

லோடுசெல்:

லோடு செல் மாற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் கவனிப்பதில்லை. மாதிரி ஒப்புதல் தருவது ஒரு குறிப்பிட்ட வடிவமைப்புக்கு, குறிப்பிட்ட பாகங்களுக்கு. ஆய்வகத்தில் அதை வெப்பத்திலும் குளிரிலும் ஈரத்திலும் வைத்துப் பார்ப்பார்கள், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள், முழு எடையை அரை மணி நேரம் ஏற்றிவைத்து எண் நகர்கிறதா என்று கவனிப்பார்கள். பாதி எடையை ஒரு லட்சம் தடவை ஏற்றி இறக்கும் சோதனையும் உண்டு. இவ்வளவும் தாண்டியது அந்த லோடு செல். பஜாரில் கிடைக்கும் ஏதோ ஒன்றை மாட்டினால் தகட்டில் உள்ள ஒப்புதல் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும்.

முக்கியமாக, கடைகளில் எளிதாகக் கிடைப்பது சி3 வகை. அது 3000 பிரிவுக்கு உத்தரவாதம் உள்ளது. 30 கிலோ / 5 கிராம் தராசில் இருப்பது 6000 பிரிவு. சி3 மாட்டினால் பூஜ்யமும் முழு எடையும் சரியாக நிற்கும், நடுவில் 12, 15 கிலோ பக்கம் வளைந்து போகும். மெக்கானிக் இரண்டு முனையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார், முத்திரைச் சோதனையில் நடுவில் மாட்டிக்கொள்ளும். தயாரிப்பாளர் தரும் அதே பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், பில்லில் பாக எண் எழுதி வாங்குங்கள்.

---

படிக்கல்:

கடையில் தினசரி செய்ய ஒன்று. முத்திரையிட்ட 5 கிலோ கற்கள் இரண்டு வாங்கி வையுங்கள். காலையில் கடை திறந்ததும் தராசைப் போட்டு சிறிது நேரம் கழித்து, 5 கிலோவை நடுவில், பிறகு 10 கிலோவை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். திரையில் ஒரு பிரிவுக்கு மேல், அதாவது 5 கிராமுக்கு மேல் தள்ளினால் அன்றைக்கு அந்தத் தராசில் நிறுக்காமல் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சர்க்கரை மூட்டையை வைத்து "இது 25 கிலோ" என்று சோதிப்பது சோதனை ஆகாது. மூட்டையே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

எடைக்கல்லைச் சுவரோரம் ஈரத்தில் வைக்காதீர்கள். துருப் பிடித்தால் சுரண்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இரண்டும் எடையை மாற்றும். அடியில் ஈயம் அடைத்த குழி இருக்கும், முத்திரை அதன் மேல்தான். ஈயம் விழுந்துவிட்டால் கல் செல்லாது.

அப்புறம் பிளாஸ்டிக் டப்பா, காகிதப் பை எடையைக் கழிக்க டேர் பொத்தான் இருக்கிறது. இனிப்புக் கடைகளில் அட்டைப் பெட்டியோடு நிறுப்பது போலச் செய்ய வேண்டாம். விற்பது நிகர எடை.

---

நீலகிரி_மளிகை:

எல்லோருக்கும் நன்றி. கோவையில் உரிமம் உள்ள கடையில் 30 கிலோ / 5 கிராம் ஒன்றும், 5 கிலோ / 1 கிராம் ஒன்றும் கேட்டிருக்கிறேன். உதகையிலேயே சரிசெய்து தர ஒப்புக்கொண்டார்கள். வாசலில் பூ விற்கும் அம்மா என் தராசிலேயே நிறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் முழக்கணக்கில் விற்பவர்.

---

ஈயமுத்திரை:

தாராளமாக நிறுக்கட்டும், முத்திரை உள்ள தராசுதானே. உதிரிப்பூ என்றால் 5 கிலோ தராசில் கிராம் கணக்கு. கட்டிய சரம் என்றால் முத்திரையிட்ட மீட்டர் கோல். முழம் என்பது சட்டம் ஒப்புக்கொண்ட அளவு இல்லை, பிரிவு 11 அதைத்தான் சொல்கிறது. ஊர் முழுக்க முழத்தில்தான் விற்கிறார்கள் என்பது வேறு விஷயம். தராசை வாசலுக்குத் தூக்கிப்போய்த் தரையில் வைக்க வேண்டாம், மட்டம் போய்விடும். அந்த அம்மாவை உள்ளே வந்து நிறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.